தூரிகைப் பக்கம்: ரயில் ஜன்னல் காட்சியும் அக்ரிலிக்கும்

மும்பை வாசகர்களின் கேள்விகளுக்கு எங்கள் ஓவியக் குழுவின் பதில்கள்

கேள்வி: சென்னை ரயிலில் போகும்போது கர்ஜத் – லோனாவாலா மலைப்பாதையை மொபைலில் எடுத்து வைத்திருக்கிறேன். அதை அரூப ஓவியமாக வரையப் போனால், கலங்கலான இயற்கைக் காட்சியாகத்தான் வருகிறது. ஏன்?
– மாட்டுங்கா வாசகி

பதில்: மலையை வரைந்துவிட்டு ஓரங்களைத் தேய்த்தால் கிடைப்பது மங்கிய மலைதான். எதை விடுவது என்பதை பிரஷ் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மலை, மரம், அருவி எல்லாம் போய் இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என மூன்று திட்டுகள்தான் மிஞ்சும். அவற்றை மட்டும் வைத்துத் தீப்பெட்டி அளவில் ஐந்தாறு பென்சில் படங்கள் போடுங்கள். மூன்றும் சம பரப்பில் இருந்தால் படம் தூங்கிவிடும். ஒன்று பாதிக்கு மேல் இடத்தைப் பிடிக்க வேண்டும், இன்னொன்று கீற்றாக ஒதுங்க வேண்டும். நீங்கள் எடுத்த போர் காட் (Bhor Ghat) மலைப்பாதையில் இது சுலபம். குகைக்குள்ளிருந்து வெளியே பார்க்கும்போது பெரும் இருட்டும் சிறு வெளிச்சமும் தானாகவே அமைந்துவிடுகின்றன. பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் போட்டோவை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கண் முன்னால் இருந்தால் கை மரத்தைத் தேடிப் போகும்.

நான்கு அக்ரிலிக் ட்யூப் போதும்: அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), டைட்டானியம் ஒயிட். முதல் இரண்டும் சேர்ந்தால் மழையில் நனைந்த பசால்ட் பாறையின் கருமை வரும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான கல். ட்யூபில் வரும் கறுப்பு இந்த வேலையைச் செய்யாது. 60 × 60 செ.மீ. கேன்வாஸுக்கு மெல்லிய பூச்சு ஒன்றுக்கு ஏறக்குறைய 30–40 மி.லி. பிடிக்கும். பெரும்பரப்புக்கான நிறத்தை மொத்தமாகக் கலந்து மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் அதே நிறத்தைத் திரும்பக் கலப்பது பெரும்பாடு.

வெளிச்சக் கீற்றுக்குக் கூரான விளிம்பு வேண்டுமென்றால் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் ஓரத்தில் முதலில் நிறமில்லாத மேட் மீடியத்தை (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) பூசுங்கள். டேப்புக்கு அடியில் கசிவது அந்த மீடியமாகவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது காய்ந்தபின் நிறத்தைப் பூசி, ஈரம் முழுக்கப் போவதற்குள் டேப்பைப் படுக்கை வசத்தில் மெதுவாக இழுங்கள். முழுக்கக் காயவிட்டால் பெயின்ட் படலமும் சேர்ந்து கிழிந்து வரும்.

பிரான்ஸில் குடியேறிய இந்திய ஓவியர் எஸ்.எச். ரஸா 1960-களில் எண்ணெய் வண்ணத்திலிருந்து அக்ரிலிக்குக்கு மாறியவர். பிள்ளைப் பருவத்தில் பார்த்த மத்தியப் பிரதேசக் காடுகளை அவர் படங்களில் இலை, கிளை என்று தேட வேண்டாம். நிறமாகத்தான் இருக்கும்.

கேள்வி: கொங்கண் பக்கத்து ஆம்போலி மலைப் பச்சையை வரைந்தால் பிளாஸ்டிக் பச்சையாக இருக்கிறது. சரிசெய்யப் போனால் சேறாகிறது.
– செம்பூர் வாசகர்

பதில்: தாலோ கிரீன் என்ற பளீர்ப் பச்சையை நேராக ட்யூபிலிருந்து பூசுகிறீர்கள் என்று நினைக்கிறோம். அதன் நிறவேகம் அதிகம், ஒரு துளி பக்கத்து நிறங்களையெல்லாம் விழுங்கிவிடும். யெல்லோ ஆக்கருடன் கொஞ்சம் அல்ட்ராமரைன் சேர்த்தால் மழைமேகத்தின் கீழ் தெரியும் மங்கிய பச்சை வரும். சேறாவதற்குக் காரணம் வேறு. கொங்கண் செம்மண்ணும் பச்சையும் எதிர் நிறங்கள், ஈரத்தில் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். செம்மண் நிறம் காய்ந்த பிறகு, பச்சையை நான்கைந்து பங்கு கிளேசிங் மீடியத்தில் (நிறத்தை ஊடுருவித் தெரியும்படி மெல்லியதாக்கும் நிறமில்லாத பசை) கரைத்து மேலே மெல்லியதாகப் பூசுங்கள். மீடியத்துக்குப் பதில் தண்ணீரையே ஊற்றினால், வழுவழுப்பான அடிப்பூச்சின்மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. அடுத்த பூச்சு பூசும்போது பிரஷோடு உரிந்து வரும்.

கேள்வி: ஜூலையில் வரைந்த இரண்டு கேன்வாஸ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வார்னிஷ் அடித்த இன்னொன்றில் வெண்படலம். மழைக்காலத்தில் வரையவே கூடாதா?
– டோம்பிவிலி வாசகி

பதில்: தாராளமாக வரையலாம். அக்ரிலிக் காய்வது அதிலுள்ள தண்ணீர் ஆவியாவதால். காற்றே ஈரமாக இருக்கும்போது மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். தடிமனாகப் பூசிவிட்டு ஃபேனை நேராகத் திருப்பினால் இன்னும் மோசம், மேல்தோல் சுருங்கி வெடிக்கும். மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள். ஏசி இருந்தால் ‘டிரை’ மோடில் வையுங்கள். வெண்படலம் பெரும்பாலும் உள்ளே சிக்கிய ஈரம்தான். மெல்லிய பூச்சுள்ள படத்துக்கு ஒரு வாரம், ஓவியக் கத்தியால் தடிமனாக இழுத்த படத்துக்கு மூன்று நான்கு வாரம் கழித்து, மழை விட்ட நாளாகப் பார்த்து வார்னிஷ் அடியுங்கள்.

ஒட்டிக்கொள்வது வேறு சங்கதி. அக்ரிலிக் படலம் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கக் கூடாது. அடுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவில் சிலிக்கோன் பூசிய பேக்கிங் பேப்பரை வையுங்கள். செய்தித்தாளின் மை ஏறும், பபிள் ரேப்பின் குமிழ்கள் தடம் பதிக்கும். சுவரில் மாட்டும்போது கீழ்மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் கார்க் துண்டு ஒட்டிவிடுங்கள். காற்று போக வழியில்லாத கேன்வாஸ் முதுகில்தான் பூஞ்சை பிடிக்கிறது.

கேள்வி: பேலட்டில் இருக்கும் நிறம் காய்ந்ததும் கறுத்துவிடுகிறதே?
– முலுண்ட் வாசகர்

பதில்: ஈரத்தில் அக்ரிலிக்கின் பசை பால்போல் வெளுத்திருக்கும். காய்ந்ததும் அது கண்ணாடிபோல் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி இருண்டு தெரியும். அல்ட்ராமரைன் போன்ற அடர் நிறங்களில் இது பளிச்சென்று தெரியும். கலந்ததும் ஒரு தாளில் விரல் அகலத்துக்குப் பூசி, முழுக்கக் காய்ந்தபின் பாருங்கள். எவ்வளவு கறுத்திருக்கிறதோ அந்த அளவுக்கு வெள்ளையோ ஆக்கரோ முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம்.