பின் ஸ்பிரிங் வாசலில், முன் ஸ்பிரிங் பட்டறையில்

கேள்வி: என் 2012 ஸ்விஃப்ட் பின்பக்கம் இறங்கிவிட்டது. வாரத்தில் நாலு நாள் நோட்டுப் புத்தகக் கட்டுகள் ஏற்றுகிறேன். வேகத்தடையில் அடிவயிறு தட்டுகிறது. ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். நாலு ஸ்பிரிங்கையும் வாங்கி வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாமா? ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு.
– வாசகர், சிவகாசி

பதில்: பின்னால் இரண்டையும் மாற்றுங்கள். முன்னால் இரண்டையும் தொடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள். வண்டியைக் காலியாகச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடியுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் ஒன்று உடைந்திருக்கலாம். பெரும்பாலும் அடிச்சுற்றுதான் உடையும். சேறு அங்கேதான் தேங்கும், பெயிண்ட் உரிந்து துரு ஏறும். காலியாக நிற்கும்போது உயரம் சரியாக இருந்து, கட்டு ஏற்றினால் மட்டும் தரை தட்டுகிறதா? அப்படியென்றால் கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை, சரக்கில். ஒரு நடையை இரண்டாக்குங்கள்.

ரப்பர் பஃபர் வைத்தால் உயரம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் நுழைந்த இடத்தில் சுற்றுகள் சுருங்காது. அந்த வேலையும் மற்ற சுற்றுகளின் தலையில் விழும். ஏற்கெனவே களைத்த ஸ்பிரிங்குக்கு அது தேவையா?

உங்கள் வண்டியில் பின் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சர்பர் தனி. அதுதான் வசதி. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் பிரயோஜனம் இல்லை. அதனால் முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். தூக்கியதும் பாடிக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி கையைக்கூட உள்ளே விடாதீர்கள். செங்கல் அடுக்குவதும் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

இன்னொரு ஜாக்கியைப் பின் அச்சுக்குக் கீழே தாங்கலாக வைத்து, இரண்டு ஷாக் அப்சர்பரின் கீழ் போல்ட்டையும் கழற்றுங்கள். துருப் பிடித்திருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். ஜாக்கியை மெல்ல இறக்கினால் அச்சும் இறங்கும், ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். இறக்கும்போது கண் பிரேக் ஹோஸ் மேல் இருக்கட்டும். அது விறைத்தால் அங்கேயே நிறுத்துங்கள். புது ஸ்பிரிங்கின் நுனி, ஸ்பிரிங் உட்காரும் தட்டான இருக்கையில் அதற்கென்று உள்ள படியில் போய் உட்கார வேண்டும். மேலும் கீழும் உள்ள ரப்பர் நைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பலர் தவறுவது கடைசியில்தான்: போல்ட்டை அந்தரத்தில் வைத்தே முழுசாக முறுக்கிவிடுவார்கள். வண்டி இறங்கியதும் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும். லேசாகப் பிடித்துவிட்டு, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு முறுக்குங்கள்.

சரி, முன்பக்கம் ஏன் கூடாது? அங்கே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒரே கூடு. ஸ்பிரிங்கை அழுத்தி வைத்து, மேல் நட்டு ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1988இல் நான் வேலை பழகிய பட்டறையில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கிடையாது. ஒரு மாருதி 800இன் ஸ்பிரிங்கைக் கம்பியால் கட்டிவிட்டு மேல் நட்டைக் கழற்றினேன். கம்பி அறுந்தது. மேல் தட்டு என் காதோரமாகப் போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஓட்டை போட்டது. அந்த மழைக்காலம் முழுக்க ஓட்டைக்குக் கீழே வாளி வைக்கும்போதெல்லாம் முதலாளி என்னை ஒரு பார்வை பார்ப்பார். கொக்கி வைத்த கம்ப்ரஸர் இப்போது கடையில் கிடைக்கிறது. ஒரு கொக்கி நழுவினால் கதை அதேதான். எப்படியும் முன் ஸ்பிரிங் மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். அந்தக் காசோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: காரைத் தாழ்வாக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் என்ன?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், குழியில் முதுகு பேசும். வெட்டிய முனை இருக்கையில் உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறவும் வாய்ப்புண்டு. வண்டி உங்களுடையதா, அப்பாவுடையதா?

கேள்வி: தாத்தாவின் பழைய அம்பாசடரில் முன் ஸ்பிரிங்கைத் தேடித் தேடிப் பார்த்தேன். யாராவது கழற்றிவிட்டார்களா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: யாரும் கழற்றவில்லை. அதில் முன்னால் சுருள் கிடையாது. அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டுகள் ஓடும். சக்கரம் ஏறி இறங்கும்போது அவை முறுகித் திரும்பும், ஸ்பிரிங்கின் வேலை அதுதான். பின்னால் பாருங்கள், லாரி மாதிரி பட்டை இருக்கும். தாத்தா கிரீஸ் வைப்பதில் கெட்டிக்காரராக இருந்திருந்தால் இரண்டும் இன்னும் நன்றாகவே இருக்கும்.