அப்டேட் வந்தால் கணினி ஏன் திணறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாலக்கோட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறோம். ஐ3, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 11. மாதத்தில் ஒரு புதன்கிழமை கடை திறந்ததுமே சிபியு (பிராசஸர்) சுமை 100 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. வருமானச் சான்றுக்கு ஆட்கள் வரிசையில் நிற்க, ஒரு பிடிஎஃப் திறக்கவே ஐந்து நிமிடம். ஸ்விட்சை அணைத்துப் போட்டாலும் திரும்ப அதே கதை. என்ன செய்வது?

பதில்: முதலில், ஸ்விட்சை அணைக்காதீர்கள். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் சிஸ்டம் ஃபைல்கள் அரைகுறையாக நிற்கும். அடுத்த முறை ஆன் செய்ததும் அதே வேலையை முதலிலிருந்து தொடங்கும். பராமரிப்பு மின்தடை நாளில் யுபிஎஸ் இல்லாமல் அப்டேட் ஓட விடக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

ஏன் புதன்கிழமை? மைக்ரோசாஃப்ட் மாத அப்டேட்டை இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நேரப்படி அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. உங்கள் கணினி அப்போது தூங்குகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மொத்தத்தையும் இழுக்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு என்ற தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். மேலே நிற்கும் பெயரைப் பார்க்காமல் எதிலும் கை வைக்க வேண்டாம். 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்றால் அப்டேட்டை ஏற்றும் வேலை. 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்றால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டரின் வைரஸ் சோதனை. 'டாட்நெட் ரன்டைம் ஆப்டிமைசேஷன் சர்வீஸ்' பெரும்பாலும் பத்து நிமிடத்தில் தானே அடங்கும். ஹார்டு டிஸ்க் கணினியில் முதல் இரண்டுக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் கொடுங்கள்.

பெயர் சரியாக இருந்தாலும் இடத்தையும் பாருங்கள். வலது கிளிக், 'ஓபன் ஃபைல் லொகேஷன்'. இன்ஸ்டாலர் வொர்க்கர் சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். டெம்ப், ஆப்டேட்டா ஃபோல்டர்கள் பக்கம் காட்டினால் அது அப்டேட்டே இல்லை. நெட்டைத் துண்டித்துவிட்டு முழு ஸ்கேன் போடுங்கள்.

அரை நாள் தாண்டியும் இறங்கவில்லை, டாஸ்க் மேனேஜரின் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் சிபியு 25-லேயே ஆணி அடித்தது போல நிற்கிறது என்றால் சிக்கிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். (நான்கு லாஜிகல் பிராசஸரில் ஒன்று மட்டும் சுற்றினால் 25 காட்டும்.) சர்வீசஸ் ஜன்னலில் 'விண்டோஸ் அப்டேட்', 'பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்' இரண்டையும் ஸ்டாப் செய்யுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்' ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஓல்டு என்று சேர்த்து ரீஸ்டார்ட் கொடுங்கள். புது ஃபோல்டர் தானாக உருவாகும், அப்டேட் மறுபடி இறங்கும். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கும் மசியாவிட்டால், அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் முதலில் 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்', அது முடிந்த பிறகு 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. இரண்டையும் ஆங்கில எழுத்தில், சாய்கோட்டுக்கு முன் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது: இரண்டாவது கட்டளை ஃபைல்களை எடுக்கும் கிடங்கை முதலாவதுதான் சரிசெய்கிறது.

இனி இரண்டாவது செவ்வாய் வரும் முன்பே செட்டிங்ஸில் 'பாஸ் அப்டேட்ஸ்' கொடுத்து அப்டேட்டைத் தள்ளிவையுங்கள். மறுநாள் புதன் கடை மூடும்போது அதை நீக்கி, 'செக் ஃபார் அப்டேட்ஸ்' கொடுத்து, ஸ்லீப்பை நிறுத்தி, இரவு முழுக்க ஓட விடுங்கள். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' (வேலை நேரத்தைக் குறித்துவைக்கும் செட்டிங்) ரீஸ்டார்ட்டை மட்டும்தான் தடுக்கும்; சிபியு சுமையைத் தடுக்காது. கையில் பணம் இருந்தால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். இந்தக் கணினிக்கு அதைவிடப் பலன் தரும் செலவு வேறில்லை.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி. சீசனில் பில் போடும் கணினி நின்றால் லாரி நிற்கும். அதனால் அப்டேட் சர்வீஸையே 'டிசேபிள்' செய்தோம். சில நாளில் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. நிரந்தரமாக அணைக்க முடியுமா?

பதில்: அணைக்காதீர்கள். நீங்கள் அணைப்பதைத் திரும்ப இயக்கவே 'விண்டோஸ் அப்டேட் மெடிக்' என்று தனி சர்வீஸ் இருக்கிறது. அதோடு மல்லுக்கட்டினால் கணினிக்குத்தான் கூடுதல் வேலை. 2017 மே மாதம் பணம் கேட்டு மிரட்டும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. மண்டிக் கணக்கு முழுவதும் ஒரே கணினியில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. செட்டிங்ஸில் 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதில் 5 வாரம் வரை தள்ளிவைக்கலாம். கெடு முடிந்ததும் வரத்து குறைந்த ஒரு நாள் இரவில் ஏற்றிவிட்டு, மறுபடி தள்ளிவையுங்கள்.

கேள்வி: பென்னாகரம் பக்கம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தாலே அன்றைய டேட்டா அப்டேட்டுக்குப் போய்விடுகிறது.

பதில்: வைஃபை பட்டியலில் அந்த ஹாட்ஸ்பாட்டின் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'மீட்டர்டு கனெக்ஷன்' (அளவுள்ள இணைப்பு) ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் இறங்காது. வாரம் ஒருமுறை அளவில்லாத இணைப்பு உள்ள இடத்தில் இணைத்து ஏற்றிக்கொள்ளுங்கள்.