தாத்தாவுக்குத் துரை கொடுத்த மடக்குக் கத்தி: என்ன விலை போகும்?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா தோட்டத்துப் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குக் கிளம்பிய பெரியதுரை ஒரு மடக்குக் கத்தியைத் தாத்தாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். கொம்புப் பிடி. பெரிய அலகு ஒன்று, சின்னது ஒன்று, தக்கை திருகி, குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கி, எதற்கென்றே தெரியாத ஒரு வளைந்த துண்டு. அலகின் அடியில் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் என்ற பெயரும், மன்னருக்குக் கத்தி செய்பவர்கள் என்ற வாசகமும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. நுவரெலியாவில் பழைய சாமான் வாங்கும் ஒருவர் 15,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். மகனோ அதே பெயர் போட்ட கத்தி இணையத்தில் 300 பவுண்ட்ஸ் என்கிறார். யார் சொல்வது சரி? பாலிஷ் போட்டால் விலை கூடுமா? குறைந்த எண்ணிக்கையில் செய்வதாகச் சொல்லி விற்கும் ‘லிமிடெட் எடிஷன்’ கத்திகள் வாங்கிச் சேர்க்க மகன் ஆசைப்படுகிறார், அது பிற்காலத்தில் பணமாகுமா? இவைதான் கேள்விகள்.

முதலில் அந்த பாலிஷ் விஷயம். வேண்டாம். பித்தளை தேய்க்கிற பிராசோவும் வேண்டாம், சாணைக்காரரும் வேண்டாம். பழைய இரும்பு அலகில் படிந்திருக்கும் சாம்பல், கறுப்பு நிறம் அழுக்கு அல்ல. வாங்குகிறவர் அதைத்தான் தேடிப் பார்ப்பார். பளபளவென்று தேய்த்த அலகைக் கண்டால் ‘இதில் இன்னும் என்னென்ன கைவைத்தார்களோ’ என்றுதான் நினைப்பார். தேய்க்கத் தேய்க்க முத்திரை எழுத்துகளும் மழுங்கும், அவை போனால் கத்தியின் பிறப்புச் சான்றிதழே போன மாதிரி. சிவப்பாகப் பொரிந்த துரு மட்டும்தான் எதிரி. அதற்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். நாள்பட்டால் காறிப்போய், உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பிடிக்க வழி செய்யும்.

இனி விலை. உங்கள் மகன் பார்த்தது ஒருவர் கேட்கிற விலை. கேட்பதற்குக் காசா பணமா, 300 என்றும் போடலாம், 3,000 என்றும் போடலாம். இபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதில் தேடச் சொல்லுங்கள். ஒரே பெயர் போட்ட கத்திகள் சில பத்து பவுண்ட்ஸுக்கும் போயிருக்கும், சில நூறுக்கும் போயிருக்கும். அந்த வித்தியாசம் எங்கே இருந்து வருகிறது என்று தெரிந்தால் உங்கள் கத்தி எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ராட்ஜர்ஸ் என்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கம்பெனி. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த அதன் முத்திரை 1682இல் பதிவானது. 1822இல் அரச குடும்பத்துக்குக் கத்தி செய்யும் உரிமை கிடைத்தது. 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்காக 75 அலகுகளுள்ள ஒரு ராட்சசக் கத்தியையே செய்தவர்கள், அது இன்றும் ஷெஃபீல்டில் இருக்கிறது. ஆனால் அவர்கள் சாதாரணப் பைக்கத்திகளையும் பெருந்தொகையில் செய்து உலகமெங்கும் அனுப்பினார்கள், இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தன. ஆகவே ராட்ஜர்ஸ் என்ற பெயர் மட்டும் ஒரு கத்தியைக் குதிரைக் கொம்பாக்கிவிடாது.

காலத்தைக் கண்டுபிடிக்க முத்திரையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கிரீடத்தின் இரு பக்கமும் வி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் விக்டோரியா அரசி காலம், அதாவது 1837க்கும் 1901க்கும் இடையில். உங்களுடையதில் மன்னர் என்றிருப்பதால் ஒன்று 1837க்கு முந்தியது, அல்லது 1901க்குப் பிந்தியது. இரண்டில் எது? நீங்கள் எதற்கென்று தெரியாது என்று எழுதிய அந்த வளைந்த துண்டுதான் பதில் சொல்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெடி சுட்டபின் துப்பாக்கிக் குழாயில் சிக்கும் தோட்டாக் கூட்டை இழுத்து எடுப்பதற்கானது அது. அந்த மாதிரித் தோட்டாத் துப்பாக்கிகள் பரவியது 1860களை ஒட்டித்தான். ஆகவே உங்கள் கத்தி 1901க்குப் பிந்தியது. இங்கிலாந்து என்ற நாட்டுப் பெயரும் முத்திரையில் இருக்கிறது, அதுவும் பொருந்துகிறது. அமெரிக்காவுக்கு வரும் சாமான்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அங்கே சட்டம் வந்த பிறகுதான் அது வழக்கமானது. துருப்பிடிக்காத எஃகு ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லியின் கையில் உருவானது 1913இல். அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதியிருந்தால் அதற்கு அப்புறம் வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். உங்களுடையதில் அது இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி, வேட்டைக்குப் போகிறவருக்கான கத்தி. பைக்கத்தி வகைகளில் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடும் இனம் இது.

இதுவரை நல்ல செய்தி. இனி அலகைத் திறந்து பாருங்கள். பிடியை ஒட்டிய இடத்தில், தீட்டுக்கல் எட்டாத ஒரு சின்னப் பகுதி இருக்கும். அலகு பிறக்கும்போது இருந்த அகலம் அதுதான். அங்கிருந்து நடுப்பகுதிக்குக் கண்ணை ஓட்டுங்கள். உங்கள் படத்தில் நடு அலகு உள்வாங்கி, அரைத் தேய்ந்த பிறை மாதிரி இருக்கிறது. தாத்தா பங்களாக் குசினியில் இதை வைத்து வேலை செய்திருக்கிறார், கருங்கல்லில் தீட்டியும் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, கத்தி வெட்டத்தான். ஆனால் சேகரிப்பவர் பணம் கொடுப்பது தேயாத அலகுக்கு. ஒரு முறைகூடத் தீட்டாத அலகுள்ள இதே கத்தி, உங்களுடையதைப்போலப் பல மடங்கு விலை போகும்.

அடுத்து பிடியின் கோடியில் இரண்டு சின்னத் துளைகள் தெரிகின்றன. ஒன்றில் ஊசி போன்ற ஒரு குச்சி இருக்கிறது, மற்றது வெறுமை. அதில் முள் எடுக்கும் சிமிட்டா ஒன்று இருந்திருக்க வேண்டும். வீட்டில் தையல் பெட்டி, தாத்தாவின் தகரப் பெட்டி எல்லாம் ஒரு தடவை தேடிப் பாருங்கள். அகப்பட்டால் அந்தத் துண்டு விலையில் நல்ல வித்தியாசம் காட்டும். வேறு கத்தியிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகி வைப்பது மட்டும் வேண்டாம், பொருந்தாததை ஆட்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

அப்புறம் மடக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வில் (ஸ்பிரிங்) உயிரோடு இருந்தால் அலகு பாதி வழி கடந்ததும் தானே ‘டக்’கென்று போய் உட்காரும். திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. ஆணித் தலைகள் ஒன்று புதிதாகவும் மற்றவை பழையதாகவும் இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓர் அலகு மட்டும் நிறம் வேறாக இருந்தாலும் அப்படித்தான்.

பிடியில் பதித்த சின்ன வெள்ளித் தகட்டில் துரையின் பெயர் எழுத்துகள் வெட்டியிருக்கின்றன. பொதுவாக யாரோ ஒருவரின் எழுத்து விலையைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் துரை தாத்தாவுக்குக் கொடுத்த நற்சான்றிதழ்க் கடிதம் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் உள்ள பெயரும் தகட்டில் உள்ள எழுத்தும் ஒன்றானால் கதை மாறுகிறது. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று ஆதாரத்தோடு வரும் கத்திகள் அபூர்வம். வாய்ச் சொல்லாக மட்டும் வரும் கதைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. என்னைக் கேட்டால் உங்களிடம் உள்ளதில் மிகவும் பெறுமதியானது அந்தக் கடிதம்தான். கத்தியோடு அதைப் பிரிக்காதீர்கள். மூலக் கடிதத்தைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டும் வராதீர்கள்.

ஆக, 15,000 ரூபாய் என்பது ஏமாற்று இல்லை. தேய்ந்த அலகு, ஒரு துண்டு குறைவு, அவருக்கும் லாபம் வேண்டும். கடிதத்தைப் பார்க்காமல் அவர் சொன்ன விலை என்றால் அதைக் காட்டி இன்னும் கேட்கலாம். 300 பவுண்ட்ஸ் கனவை மட்டும் விட்டுவிடுங்கள்.

மலையகத்து வீடுகளில் வேறு கத்திகளும் கிடக்கும், அவற்றையும் சொல்லிவிடுகிறேன். வில்லியம் ராட்ஜர்ஸ் என்று போட்டிருந்தால் அது வேறு கம்பெனி, விலையும் கீழே. ஷெஃபீல்டின் சேய்னர் கம்பெனி செய்த ஒட்டுக்கட்டும் கத்திகள், மடக்குக் கவ்வாத்துக் கத்திகள் தோட்டப் பக்கம் எப்போதாவது அகப்படும். நல்ல நிலையில் கிடைப்பது அரிது, ஆனால் தேடுகிறவர்களும் அரிது. அதனால் விலை ஏறுவதில்லை. இதற்கு நேர்மாறு பட்டாளத்துக் கத்தி: இரண்டாம் உலகப் போரில் கண்டி, தியத்தலாவைப் பக்கம் நிறையச் சிப்பாய்கள் இருந்தார்கள், நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகமே 1944இல் பேராதனைக்கு வந்தது. சொரசொரப்பான கறுப்புப் பிடி, மொட்டை முனை அலகு, டின் திறப்பான், கயிறு பிரிக்கும் நீண்ட ஆணி, இதுதான் அந்தக் கத்தி. ஆயிரமாயிரமாகச் செய்தது. ஆனாலும் ஆண்டும், அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறியும் தெளிவாக இருந்தால் சீக்கிரம் விற்றுப்போகும், யுத்தச் சாமான் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்களே.

வெள்ளைப் பிடிக் கத்தி என்றால் நிதானம். பிடியின் வெட்டுமுகத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால் யானைத் தந்தம். சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் எலும்பு. ஒரே சீராக இணைகோடுகள் ஓடினால் செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக். தந்தம் என்றால் விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முயலவே வேண்டாம். பிரித்தானியாவிலேயே 2022 ஜூனிலிருந்து சில விதிவிலக்குகள் தவிர தந்த வியாபாரம் தடை. செல்லுலாய்டு வேறு வகைத் தொல்லை. பழசாகும்போது அது விடும் ஆவி பக்கத்தில் இருக்கிற கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும், தனியாக வையுங்கள்.

உங்கள் கொம்புப் பிடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷெஃபீல்டுக்குப் போன கொம்புகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது, நம் ஹோர்ட்டன் சமவெளியில் மேய்கிற மரை மானின் உறவுக்காரனுடையது. வெளிநாட்டுக்கு விற்பதானால் முதலில் வனசீவராசிகள் திணைக்களத்திலும் சுங்கத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். கத்தி என்பதால் தபாலில் எடுப்பார்களா என்பதையும் விசாரியுங்கள். இந்த அலைச்சலையும் செலவையும் கழித்துப் பார்த்தால் நுவரெலியாக்காரரோ கொழும்பில் ஒருவரோ கொடுப்பதே மேல் என்று ஆகலாம்.

விற்கும்வரை தோல் உறையில் வைக்காதீர்கள். நம் பனிக்கும் ஈரத்துக்கும் தோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து அலகை அரிக்கும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைக் கூடவே போட்டு, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

மகனுக்கு: கம்பெனியே ‘லிமிடெட்’ என்று எழுதி விற்பதை வாங்குகிறவர்கள் எல்லோரும் பெட்டியோடு பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். இருபது வருடம் கழித்தும் அத்தனையும் புதிதாகவே இருக்கும், பிறகு விலை எப்படி ஏறும்? விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனி பல வருடங்களாக ஆண்டுதோறும் புது நிறத்தில் உலோகப் பிடிக் கத்தி விடுகிறது. அழகாக இருக்கும், சிலது கொஞ்சம் ஏறியும் இருக்கிறது. ஆனால் சேமிப்புக்குப் பதிலாக அதை வாங்க வேண்டாம். கையில் எடுத்துப் பார்க்கவும் பழம் நறுக்கவும் ஆசை என்றால் வாங்கட்டும். பெட்டியையும் பில்லையும் மட்டும் எறியாமல் வைக்கச் சொல்லுங்கள், விற்க நேர்ந்தால் அவை இல்லாத கத்தி சுலபமாகப் போகாது.