‘கொலைகள் நடந்தன, இனப்படுகொலை அல்ல’ என்பதும் மறுப்பா?

கிழக்கு போஸ்னியாவின் சிரெப்ரெனிட்சா நகரில் நடந்தது இனப்படுகொலை அல்ல என்று போஸ்னிய செர்பியத் தலைவர் மிலோராத் தோதிக் பேசிவருவது இனப்படுகொலை மறுப்பா, வெறும் சட்டக் கருத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுப்புதான் என்பது என் முடிவு.

1995 ஜூலையில் அங்கே 8,000-க்கும் அதிகமான போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படைகளால் கொல்லப்பட்டார்கள். தடயத்தை மறைக்க, கொன்றவர்களே உடல்களை இயந்திரங்களால் தோண்டியெடுத்து வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல புதைகுழிகளில் கிடைத்தன. மரபணுச் சோதனையால் ஏறத்தாழ 7,000 பேர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

தீர்ப்புக்கு முன்பு ஒருவர் ‘இது இனப்படுகொலை அல்ல’ என்று வாதிட்டிருந்தால் அதைச் சட்ட விவாதமாக ஏற்கலாம். ஆனால் 2004-இல் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வும், 2007-இல் சர்வதேச நீதிமன்றமும் இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்துவிட்டன. அதன் பிறகும், 2019-இல், தோதிக் அதைப் புனையப்பட்ட கட்டுக்கதை என்றார். இதில் சட்ட வாதம் எங்கே இருக்கிறது?

தண்டிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. 2021-இல், போஸ்னியாவின் அமைதி ஒப்பந்தத்தைக் கண்காணித்த சர்வதேச உயர் பிரதிநிதி வாலன்டின் இன்ஸ்கோ கொண்டுவந்த சட்டத் திருத்தம் மறுப்பைக் குற்றமாக்கியது. ஆனால் அந்தப் பேச்சு வன்முறையையோ வெறுப்பையோ தூண்டக்கூடியது என்றும் காட்டியாக வேண்டும். எனவே வழக்கு தொடரப்படாததை வைத்து, அது மறுப்பே அல்ல என்று வாதிடுவது தவறு.