காலேஜ் பஸ், டைம்டேபிள், அடிக்கடி வர்ற யூரின் இன்ஃபெக்‌ஷன்

கேள்வி: வயசு 34, ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல அசிஸ்டன்ட் ப்ரொஃபசர். காலைல 6 மணிக்கு மூலக்கடைல காலேஜ் பஸ் ஏறணும், அதனால தண்ணியே குடிக்கறதில்ல. இந்த வருஷம் மூணாவது தடவ யூரின் இன்ஃபெக்‌ஷன். மெடிக்கல்ல பழைய சீட்ட காட்டி மாத்திரை வாங்கிக்கறேன். நிரந்தரமா போக என்ன பண்ணலாம்?

பதில்: மொதல்ல அந்த பழைய சீட்ட தூக்கி போடுங்கமா. வருஷத்துல மூணு தடவ வந்தாலே விசாரிக்க வேண்டிய கேஸ் தான், ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யூரின் கல்ச்சர் குடுத்துடணும், எந்த கிருமி எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்காம போன தடவ போட்டதையே போட்டுட்டு இருந்தா ஒரு கட்டத்துல அது வேலையே செய்யாது. கூடவே சுகர் டெஸ்ட், டாக்டர் சொன்னா ஸ்கேன்.

ஆனா மாத்திரைய விட எனக்கு உங்க டைம்டேபிள் மேல தான் சந்தேகம். பொண்ணுங்களுக்கு மூத்திரக்குழாய் நீளமே சுமார் 4 செ.மீ. தான், கிருமி சுலபமா மேல ஏறிடும், அத வெளிய தள்ளுறதே யூரின் தான், நீங்க தண்ணியும் குடிக்காம வர்றதையும் அடக்கி வெச்சா உள்ளயே பெருகத்தானே செய்யும்? இதுல நம்ம ஊரு வேர்வை வேற. இப்படி திரும்பத் திரும்ப வர்ற, தண்ணி கம்மியா குடிக்கற பெண்கள தினமும் 1.5 லிட்டர் கூடுதலா குடிக்க வெச்சு பாத்த ஆய்வு ஒண்ணு 2018ல வந்துச்சு, வருஷத்துல இன்ஃபெக்‌ஷன் கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சிருந்துச்சு. எழுந்ததும் ஒரு டம்ளர் குடிங்க, காலேஜ்ல இறங்கினதும் நேரா பாத்ரூம், பாக்கிய பீரியட் பீரியடா குடிச்சுக்கலாம்.

தொடர்ந்து மூணு பீரியட் போட்டிருந்தா நடுவுல ஒரு கேப் கேளுங்க. காலேஜ்களுக்கு விதி போடற யூஜிசியோட 2018 விதிப்படி உங்க போஸ்டுக்கு வாரத்துக்கு நேரடி வகுப்பு 16 மணி நேரம், உங்களுக்கு எவ்ளோ வருதுன்னு ஒரு தடவ எண்ணிப் பாருங்க. ஆம்பள ஹெச்ஓடி கிட்ட இத எப்படி சொல்றதுன்னு நிறைய பேர் முழுங்கிடறாங்க, டாக்டர் சர்டிஃபிகேட்டோட லெட்டரா குடுத்துடுங்க, அதுல வியாதி பேர் கூட வேண்டாம், மருத்துவ காரணம்னு இருந்தா போதும். கடைல வேல பாக்கறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு 2021லயே நம்ம ஸ்டேட்ல சட்டம் திருத்திட்டாங்க, நீங்க பாத்ரூம் போக பத்து நிமிஷம் கேக்க என்ன கூச்சம்?

குளிர் காய்ச்சல், விலா பக்கம் வலி, வாந்தி, இல்ல நாள் தள்ளிப்போயிருந்தாலும் சரி, இன்டர்னல் மார்க் என்ட்ரி முடிச்சுட்டு போலாம்னு உக்காராதீங்க, அன்னிக்கே டாக்டர பாருங்க.