ஹோட்டலில் டிப்ஸ் கொடுத்தே ஆகணுமா? எவ்வளவு கொடுப்பது?

கட்டாயம் இல்லை. கொடுக்காமல் எழுந்து போனால் யாரும் திட்ட மாட்டார்கள். மனதுக்குள் திட்டுவார்கள், அது உங்களுக்குக் கேட்காது. குற்றால சீசனுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

செங்கோட்டை தாண்டிக் கேரளா போகிற ரோட்டில் ஒரு பரோட்டா கடையில் சப்ளையராக இருந்தேன். ஜூன், ஜூலையில் நிற்க நேரம் இருக்காது. கார்த்திகை பிறந்தால் சாமிமார் எல்லாம் சைவக் கடைக்குப் போய்விடுவார்கள், நாங்கள் ஈ ஓட்டுவோம். ஆக, சீசனில் சோம்புத் தட்டில் விழுகிற பத்தும் இருபதும்தான் எங்களுக்குப் போனஸ். ராத்திரி உண்டியலைத் திறந்து பிரிப்போம். இலை எடுக்கிற பெரியம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுவது வந்ததும் தட்டு காலி. ஒருநாள் கொல்லத்திலிருந்து ஒரு குடும்பம். சின்னப் பிள்ளை சால்னாவை மேசை முழுக்கக் கொட்டிவிட்டது. துடைத்து, வேறு இலை போட்டு, பரோட்டாவைப் பிய்த்தும் கொடுத்தேன். கிளம்பும்போது அந்தச் சேட்டன், "தம்பி, உனக்குன்னு நூறு ரூபா சேர்த்துப் போட்டிருக்கு" என்றார். கல்லாவில் இருந்த ஸ்பீக்கரும் மொத்தத் தொகையைக் கடைக்கே கேட்கும்படி சொன்னது. முதலாளியிடம் கேட்டேன். "எல்லாம் கணக்குல சேர்ந்துட்டுலே, இனி எப்படிப் பிரிக்க?" முடிந்தது.

'சம்பளம் வாங்குகிறவனுக்கு எதற்கு டிப்ஸ்' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். நான் பிச்சை போடச் சொல்லவில்லை. முதலாளி ஒழுங்கான சம்பளம் கொடுத்தால் இந்தக் கேள்வியே வராது, அதை அவரிடம் போய்க் கேளுங்கள். இப்போது அதே கேரளா ரோட்டில், புளியரைப் பக்கம், கல்லும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசை கட்டுவதில் கார்க்காரர்கள் வண்டியை ஓரங்கட்டவே பயப்படுகிறார்கள். மலையை வெட்டிக் கேரளாவுக்கு அனுப்புகிறவனை யாரும் கேட்பதில்லை, சப்ளையரின் பத்து ரூபாய்க்குத்தான் பட்டிமன்றம்.

பெரிய ஹோட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' இருந்தால் அது வேறு. அது ஹோட்டல் கணக்குக்குப் போகிற காசு. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடியுங்கள். ஜிஎஸ்டி அரசாங்கத்துக்கு, அதில் சண்டை வேண்டாம்.

எவ்வளவு என்றால், நாலு பேர் சாப்பிட்டால் இருபதோ ஐம்பதோ, உங்கள் வசதி. கையில் கொடுங்கள். சில்லறை இல்லையென்றால் பரிமாறிய பையனிடமே அவன் ஜிபே நம்பரைக் கேட்டுப் போடுங்கள்.