சர்ச்சில் நடக்கும் இன்சூரன்ஸ் கூட்டத்துக்கு ஒரு இந்து, அதுவும் ஹெச்1பி, போகலாமா?

கேள்வி இது: "பாஸ்டன் பக்கம் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. மருத்துவச் செலவைக் குறைக்கச் சட்டம் வேண்டும் என்று பக்கத்து சர்ச்சில் கூட்டம் போடுகிறார்கள். எதிர்வீட்டம்மா வா வா என்கிறார். நான் இந்து, ஹெச்1பி விசா. போகலாமா? சாமி கும்பிடுகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு?"

போகலாம். ஆனால் அங்கே யாராவது தாளை நீட்டி, இதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்ற மனுவில் கையெழுத்து கேட்டால் மட்டும் போட்டுவிடாதீர்கள். மாசசூசெட்ஸில் அந்தக் கையெழுத்து பதிவு செய்த வாக்காளர் மட்டும்தான் போட முடியும், நீங்கள் வாக்காளர் இல்லை. "நான் சிட்டிசன் இல்லை" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கூட்டத்தில் உட்கார, பேச, உங்கள் கதையைச் சொல்ல, யாருக்கும் எந்தத் தடையும் இல்லை. நான் வக்கீல் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசா விஷயத்தில் பயம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள், கேள்வி பதில் தளத்தில் கேட்காதீர்கள்.

பதில் இத்தோடு முடிந்தது. மிச்சம் படிக்க விருப்பம் இருப்பவர்கள் படிக்கலாம். "சாமி கும்பிடுகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு" என்ற வரி என்னைக் கொஞ்சம் குத்திவிட்டது, ஏனென்றால் 2007 வரைக்கும் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வந்தது 2004-ல். கணவருக்கு ஹெச்1பி என்ற வேலை விசா, எனக்கு ஹெச்4, அதாவது எம்.எஸ்ஸி. படித்திருந்தாலும் அப்போது வேலைக்குப் போகக்கூடாத மனைவி விசா. கணவரின் கம்பெனி பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் கன்சல்டிங் கடை, நடத்தியவர் நம்ம ஊர் ஆள்தான். 2006 கடைசியில் ப்ராஜெக்ட் முடிந்ததும் பெஞ்ச், அதாவது அடுத்த ப்ராஜெக்ட் வரும்வரை சும்மா உட்கார வேண்டும். பெஞ்ச்சில் இருந்தாலும் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். அவர் தரவில்லை. இன்சூரன்ஸையும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார், அது எங்களுக்குத் தெரிந்தது ஜனவரி மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு, மூன்று வயதுப் பையன் மூச்சு இழுத்துக்கொண்டு நெஞ்சுக்கூடு உள்ளே போய் உள்ளே போய் வரும்போது, எமர்ஜென்சி கவுண்டரில் கார்டை நீட்டியபோதுதான். வைத்தியம் பார்த்தார்கள், குறை சொல்ல மாட்டேன். நெபுலைசர், ஒரு எக்ஸ்ரே, நாலு மணி நேரம். மூன்று வாரம் கழித்து பில் வந்தது, 2,340 டாலர். ஏழைகளின் பில்லை ஏற்றுக்கொள்ள இந்த மாநிலத்தில் அப்போது ஒரு பொது நிதி இருந்தது, ஃப்ரீ கேர் பூல் என்பார்கள். அப்படி ஒன்று இருப்பதாக அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஈ காக்காகூட எங்களிடம் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அம்மாவிடம் போனில் பட்டும் படாமல் சொன்னேன். "ஏண்டி, அங்க ஜி.எச். இல்லையா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் பேச்சை மாற்றினேன். கணவருக்குச் சம்பளம் வரவில்லை என்பதை மட்டும் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது? பாதி ஊரிடம் கடன் வாங்கி அனுப்பியவர்கள் இல்லையா.

நாங்கள் இருந்தது மூன்று மாடி மர வீடு. எங்களுக்கு மேலே ஹெய்ட்டிக்காரப் பெண் ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு. முதியோர் இல்லத்தில் நர்ஸிங் உதவியாளர் வேலை, பகலும் உண்டு ராவும் உண்டு. நான் அவரை "அக்கா" என்று கூப்பிட்டு, அதற்கு அர்த்தமும் சொல்லிவைத்திருந்தேன். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற அவருக்குச் சொந்தமாக இன்சூரன்ஸ் கிடையாது. பையன் இருமுவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும் போல, ஒருநாள் காளான் போட்டுக் கறுப்பாகச் சமைத்த சோறு ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை சர்ச்சுக்கு வா, பில்லையும் எடுத்துக்கொண்டு வா என்றார். மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன். ஹீட்டிங் ஆயில் தீரப்போகிறது, சர்ச்சில் கதகதப்பாக இருக்கும் என்பதும் போனதற்கு ஒரு காரணம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. கிரேட்டர் பாஸ்டன் இன்டர்ஃபெயித் ஆர்கனைசேஷன், சுருக்கமாக ஜி.பி.ஐ.ஓ., 1998-ல் ஆரம்பித்த அமைப்பு. சர்ச்சுகளும் யூத ஆலயங்களும் சேர்ந்தது, பிற்பாடு மசூதியும் வந்தது. சிகாகோவில் சால் அலின்ஸ்கி 1940-ல் ஆரம்பித்த அமைப்பின் வழியில் வந்தவர்கள். முதலில் வீடு வீடாகப் போய் உன் கஷ்டம் என்ன என்று கேட்பது, அப்புறம் ஆயிரம் பேரை ஒரே கூடத்தில் உட்காரவைத்து அரசியல்வாதியை மேடையில் நிறுத்தி "செய்வீர்களா, மாட்டீர்களா?" என்று கேட்பது, இதுதான் அவர்கள் பாணி. 2005-ல் ராக்ஸ்பரி பிரஸ்பிடேரியன் சர்ச் பாதிரியார் ஹர்மன் ஹாமில்டன் போன்றவர்கள் முன்னே நிற்க, ஹெல்த் கேர் ஃபார் ஆல் உள்ளிட்ட அமைப்புகளோடு கூட்டணி போட்டு, எல்லோருக்கும் இன்சூரன்ஸ் கிடைக்கச் சட்டசபை சட்டம் போடாவிட்டால் நேராக மக்கள் வாக்கெடுப்புக்குப் போவோம் என்று கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். இன்னொரு பக்கம் மாநிலத்துக்கு வரவேண்டிய 385 மில்லியன் டாலர் மத்தியப் பணம் சீர்திருத்தம் செய்யாவிட்டால் போய்விடும் என்ற நெருக்கடி. எல்லாம் சேர்ந்து 2006 ஏப்ரல் 12 அன்று பாஸ்டன் ஃபேன்யல் ஹாலில் கவர்னர் மிட் ராம்னி சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடி நின்றார். (இது கம்யூனிஸ்ட் வேலை என்று கமெண்டில் எழுத வரும் அண்ணன்மார்களுக்கு: ராம்னி குடியரசுக் கட்சி. ஊழியருக்கு இன்சூரன்ஸ் தராத முதலாளி ஆளுக்கு 295 டாலர் கட்ட வேண்டும் என்ற பிரிவை அவர் ரத்து செய்தார், சட்டசபை மறுபடி சேர்த்தது. அதுவும் உண்மை, இதுவும் உண்மை.)

சட்டம் என்ன சொன்னது? எல்லோரும் இன்சூரன்ஸ் வாங்கியே ஆக வேண்டும், வாங்காவிட்டால் வரியில் பிடிப்பார்கள், முதல் வருடத்துக்கு 219 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மானியம். சரி, யாருக்கு எவ்வளவு கட்டுபடியாகும்? அதைச் சட்டம் சொல்லவில்லை, கனெக்டர் என்று ஒரு வாரியம் அமைத்து அதன் தலையில் கட்டிவிட்டது. வாரியத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பொருளாதாரம் படித்தவர்கள், அதிகாரிகள். உனக்கு எது கட்டுபடியாகும் என்று அவர்கள் உட்கார்ந்து முடிவு செய்வதற்குள் நாமே கணக்குப் போட்டுக் கையில் கொடுப்போம் என்றுதான் அந்த வருடம் சர்ச் சர்ச்சாக, ஆலயம் ஆலயமாக ஒர்க்‌ஷாப் நடத்தினார்கள். நான் போனது அப்படி ஒன்றுக்கு.

சர்ச்சின் கீழ்த்தளம். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் ஒட்டிய நோவா பேழைப் படம், மடக்கு மேஜைகள், ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கால்குலேட்டர். ஆளுக்கு ஒரு தாள். வாடகை, ஹீட்டிங், மளிகை, பஸ் பாஸ், பிள்ளை பார்த்துக்கொள்ள ஆகும் செலவு என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில், மாதம் இன்சூரன்ஸுக்கு எவ்வளவு கொடுக்க முடியும்? ஒருவர் பாதிரியார் கழுத்துப் பட்டையோடு வந்து ஜெபம் பண்ணுவார் என்று நான் காத்திருந்தேன். ஜெபம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் முழுக்கக் கணக்கு.

என் மேஜையில் அக்கா, ஒரு டொமினிக்கன் தம்பதி, உதவிக்கு வந்திருந்த ஒரு யூதப் பாட்டி, அவர் ஓய்வு பெற்ற கணக்காளர். அக்கா முதலில் தசமபாகத்தை எழுதினார், சம்பளத்தில் பத்தில் ஒன்று சர்ச்சுக்கு. டொமினிக்கன்காரர், அது செலவா, அதை நிறுத்தினால் இன்சூரன்ஸ் கட்டலாமே என்றார். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாட்டிதான், எதற்கு அதை அடிக்கச் சொல்கிறீர்கள், அவர் வாழ்க்கை அவர் கணக்கு, எழுதுங்கள் என்றார். அடுத்து, ஊருக்கு அனுப்பும் பணம். தாளில் அதற்கு வரியே இல்லை. அக்கா ஹெய்ட்டிக்கு அனுப்புகிறார், டொமினிக்கன்காரர் மாமியாருக்கு அனுப்புகிறார், நாங்கள் மாமனாரின் சர்க்கரை மாத்திரைக்கும் கொழுந்தன் ஃபீஸுக்கும் மாதம் 200 டாலர். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். மளிகைக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்து எழுதிக்கொண்டோம்.

வருமானம் என்ற இடத்துக்கு வந்தபோது நான் பழைய சம்பளத்தை எழுதினேன். பாட்டி பில்லையும் பார்த்தார், தாளையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். பெற்ற அம்மாவிடம் சொல்லாததை, பெயர் தெரியாத நாலு பேர் நடுவில், அதுவும் இங்கிலீஷில். கொஞ்சம் அழுதேன் என்று நினைக்கிறேன். டொமினிக்கன்காரர் மனைவி டிஷ்யூ கொடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அக்காவுக்கு எல்லாம் போக மிச்சம் மாதம் 41 டாலர். கடைசி வரியில் 20 என்று எழுதினார். ரப்பரால் அழித்துவிட்டு 15 என்று எழுதினார். அதையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கணக்கைத் தொகுத்துத்தான் வாரியத்தின் முன் வைத்தார்கள். அந்த வருடம், வறுமைக்கோட்டைப்போல ஒன்றரை மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு மானிய இன்சூரன்ஸில் மாதப் பிரீமியமே கிடையாது என்று ஆனது. விலை கட்டுபடியாகாதவர்களுக்கு அபராதமும் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு அக்காவின் சம்பளம் அந்தக் கோட்டுக்குள் வந்தது. பல வருடம் கழித்து டாக்டரைப் பார்த்தார், பிரஷர் எகிறிக் கிடந்தது, மாத்திரை ஆரம்பித்தார்கள். எங்கள் தாளால்தான் வாரியம் இறங்கியது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகளும் கம்பெனிகளும் அவரவர் லாபத்துக்கு உள்ளே இருந்தார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த 15 டாலரை எழுதிக் கொடுக்க வாரியத்தில் வேறு யார் இருந்தார்கள்?

எங்களுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு பைசா பலனில்லை. கணவருக்கு மார்ச்சில் வேறு வேலை கிடைத்தது, பில்லை மாதம் 60 டாலராகக் கட்டி முடித்தோம். அதனால் என்னை ஓசிக்கு ஆசைப்பட்டவள் என்று எழுத வேண்டாம்.

மதக்காரர்கள் எல்லோரும் இதில் ஒரே பக்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2010-ல் நாடு முழுவதற்குமான ஒபாமாவின் இன்சூரன்ஸ் சட்டம் வந்தபோது கத்தோலிக்க ஆயர்கள் கருக்கலைப்பு விவகாரத்தால் எதிர்த்தார்கள், சிமோன் காம்ப்பெல் போன்ற கன்னியாஸ்திரிகள் மார்ச் 17 அன்று ஆதரித்துப் பகிரங்கக் கடிதம் போட்டார்கள். ஒரே சபைக்குள் அவ்வளவு பெரிய சண்டை.

இப்போது என் வயிற்றெரிச்சல். 2009-ல் பட்ஜெட் பற்றாக்குறை என்று, கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர்கள் உள்ளிட்ட சட்டப்படியான குடியேறிகள் சுமார் 30,000 பேரை இந்த மாநிலமே மானிய இன்சூரன்ஸிலிருந்து எடுத்தது. அவர்களுக்கு மத்திய அரசு பங்கு தராது என்பதுதான் காரணம். (2012 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது.) இது நம்ம ஆட்களையும் தொடும் விஷயம்தானே, ஒரு சனிக்கிழமை நம் கோயில் ஹாலைக் கொடுங்கள், யார் யாருக்கு இன்சூரன்ஸ் பறிபோகிறது என்று கணக்கெடுப்போம் என்று கமிட்டியில் கேட்டேன். எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். "அரசியல் வேண்டாம்மா, டேக்ஸ் விலக்கு போயிடும்" என்றார்கள். தப்பு. 501 சி 3 அமைப்பு, அதாவது கோயில், சர்ச் போல வரிவிலக்கு உள்ள அமைப்பு, வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கக் கூடாது, கொள்கை விஷயத்தில் ஓரளவு குரல் கொடுக்கலாம். அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அதே வருடம் தீபாவளிக்கு ஒரு அரசியல்வாதியைக் கூட்டிவந்து பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள், அது அரசியல் இல்லையாம். அதோடு விட்டார்களா? "நீங்க கிச்சன் வாலண்டியர் லிஸ்ட்ல பேர் கொடுங்களேன், புளியோதரைக்கு ஆள் இல்லை" என்றார் செயலாளர். பதினைந்து வருடமாக அந்தக் கமிட்டியில் பெண்கள் பெயர் புளியோதரை லிஸ்டில் மட்டும்தான் இருக்கிறது. புளியோதரையும் நன்றாக இருப்பதில்லை, பாட்டில் பேஸ்ட்.

கேள்விக்கு வருகிறேன். உங்களுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும், நல்ல சம்பளமும் இருக்கும், ஆறு மாதம்தானே ஆகிறது, பெஞ்ச் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. இருந்தாலும் போங்கள். எதற்காகக் கூட்டம் என்று எதிர்வீட்டம்மாவிடமே கேளுங்கள், மருந்து விலையா, ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிக்கெய்டா என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. பழைய பில் ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள்.

பின்குறிப்பு: சைவம் கிடைக்குமா என்று கமெண்டில் கேட்டிருக்கிறீர்கள். சாலடும் மாக்கரோனியும் எப்படியும் இருக்கும். நான் இப்போதும் போகும்போது எலுமிச்சை சாதம் ஒரு டப்பா கொண்டு போவேன். அக்கா அதற்கு மிளகாய் சாஸ் ஊற்றிச் சாப்பிடுவார், அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது.